ஈசான்ய மூலை அன்னம்

பாதுகாப்பு என்கிற சொல்லுக்கு உயிர் கொடுத்து, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் கட்டிவிட்டால், அது திருத்தங்கல் அய்யாதுரை அண்ணாச்சி மாதிரியேதான் இருக்கும். அவருடைய பட்டாசு ஆலைக்குள் நுழைகிறவர் செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். நைலக்ஸ் சேலைக்கு அனுமதி இல்லை. செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஒளிந்திருக்கிற துளி மின்சாரத்தையும் மண்ணில் இறக்கிய பிறகுதான் மருந்து அறைப் பக்கம் போகலாம். சம்பந்தியே வந்தாலும் முதலில் தகடு, அப்புறம்தான் வணக்கம்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுத் தோட்டத்தில் நீரூற்று வைத்தார். வடகிழக்கு மூலையில் ஒரு பளிங்கு அன்னம் ஓயாமல் தண்ணீர் கக்கினால் வடநாட்டு ஆர்டர் கொட்டும் என்று மதுரை 'வாஸ்து விஞ்ஞானி' ஒருவர் கண்டுபிடித்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி. தண்ணி நிக்கவே கூடாது. நின்னா ஆர்டரும் நின்னுரும்."

எலக்ட்ரீஷியன் மணிகண்டராஜ் நீரூற்றின் பம்புக்கு மண்ணுக்கடியில் வயர் இழுத்தான். பாதி வழியில் வயர் பற்றாமல் போகவே, இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மேலே புல்லும் நட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் இருந்த டிரிப்பருக்கு அழகுணர்ச்சி கிடையாது. கரண்ட் எங்காவது கசிந்தால் ஆளை அடிக்கும் முன்னே இணைப்பைத் துண்டிக்கிற அந்தச் சின்னப் பெட்டி 'டப்' என்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் 'டப்'. அந்த நேரம் பார்த்து பாட்னாவிலிருந்து போன்: ஒரு லோடு கேன்சல்.

"பாத்தீகளா?" என்றாள் அண்ணாச்சியின் மனைவி யோகேஸ்வரி. "தண்ணி நின்னுச்சு, லோடும் நின்னுச்சு."

"ஏலே மணிகண்டா, அந்தப் பெட்டிக்கு என்னலே கேடு?"

"அது ரொம்பப் பயந்த சாதனம் அண்ணாச்சி. லேசா கசிஞ்சாலும் விழுந்துரும். கழட்டிட்டு டைரக்டா குடுத்துரட்டுமா?"

"குடு. நம்ம செவத்துல உக்காந்துக்கிட்டு நம்ம யாவாரத்தையே கெடுக்குற பெட்டி நமக்கு எதுக்கு?"

டிரிப்பர் 'பணிநீக்கம்' செய்யப்பட்டது. அன்னம் தங்குதடையின்றிக் கக்கியது.

மறுநாள் காலையில் தோட்டவேலை பார்க்கும் மாரிச்செல்வி, பம்பு வாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகை எடுக்கத் தொட்டிக்குள் கையை விட்டாள். அலறிக்கொண்டு இழுத்தாள்.

"அக்கா, தண்ணி கடிக்குது!"

"தண்ணிக்குப் பல்லா இருக்கு?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

"தோள்பட்டை வரைக்கும் சுண்டுதுக்கா. கை மரத்தே போச்சு. கொஞ்ச நேரம் பம்பை அமத்துங்க, எடுத்துருதேன்."

அமத்துவதா! உடனடியாகத் தொட்டிக் கரையில் 'பாதுகாப்பு ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைமை, அண்ணாச்சி. முன்னிலை, யோகேஸ்வரி. தொழில்நுட்ப ஆலோசகர், மணிகண்டராஜ். காபி வந்தது. மாரிச்செல்வி கையை உதறிக்கொண்டே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா அமத்தக் கூடாது" என்றது முன்னிலை.

"சனிக்கிழமை அமத்தலாமா அக்கா?"

"அது ஏற்கெனவே சனி. அன்னைக்கு வேற அமத்தணுமாக்கும்?"

"ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு எடுக்கட்டும்" என்றார் ஆலோசகர்.

"ஈசான்ய மூலையில செருப்பா? சாமி இருக்குற எடம்லே!"

"குச்சிய வச்சு எடு, மாரி."

"வர மாட்டேங்குதுக்கா. உறிஞ்சுற வாயில இழை இழையா சுத்திக் கிடக்கு. கைதான் விடணும்."

தலைமை தொண்டையைச் செருமியது. "பயம்தான் முதல் ஆபத்து. அதை முதல்ல அகத்தணும். கடிக்குறதெல்லாம் மனசுதான் மாரி."

"அப்படியா அண்ணாச்சி? அப்ப நீங்க ஒரு தடவ கைய விட்டுக் காட்டுங்க."

அண்ணாச்சி கையைத் தூக்கினார். தூக்கின கையை உற்றுப் பார்த்தார்.

"மோதிரம் போட்டுருக்கேன். உலோகம். விதி இடங் கொடுக்காது."

"எனக்கு வளையல்" என்றாள் யோகேஸ்வரி.

"எனக்கு பி.பி. இருக்குண்ணாச்சி" என்ற மணிகண்டராஜ் மூன்றடி பின்னால் போய்விட்டான். பாதுகாப்பான தூரம் என்றால் என்ன என்பதை அந்தக் கூட்டத்தில் செய்தே காட்டியவன் அவன் ஒருவன்தான்.

"வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வச்சுருக்கேன் அண்ணாச்சி. இதுல கைய விட என்னால ஆகாது" என்று மாரிச்செல்வி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தாள்.

"இந்தக் காலத்துல வேலை செய்யணும்ங்கிற எண்ணமே யாருக்கும் இல்ல" என்று கூட்டம் வருத்தம் தெரிவித்துக் கலைந்தது.

ஆனால் அண்ணாச்சி பிரச்சினையை அப்படியே விட்டுவிடுகிற ஆள் அல்லர். அன்றைக்கே சிவகாசி அச்சகத்தில் ஆர்டர் கொடுத்தார். நான்கு கலரில், மண்டையோடு போட்டு, பளபளவென்று பலகை வந்தது: 'அபாயம்! நீரைத் தொடாதீர்!' தொட்டிக்கு முன்னால் நட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தோட்டப் பக்கமே விடவில்லை. யோகேஸ்வரி பூப்பறிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து சின்னத்தாய் என்கிற புதுப் பெண் வேலைக்கு வந்தாள். வாளியை வைத்துவிட்டுப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தண்ணியத் தொடக் கூடாதுன்னு போட்டுருக்கே அண்ணாச்சி?"

அண்ணாச்சி தங்கமான மனிதர், கோபமே படவில்லை.

"அது வீட்டு ஆளுகளுக்கும்மா. நீ சருகை எடு."