பாய்ப்படகுக்கு மதிப்பெண் போடுகிறவர்

படகு கட்டுகிறவர்கள் உண்டு, படகு ஓட்டுகிறவர்கள் உண்டு, படகில் ஏறி வாந்தி எடுக்கிறவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்திலும் சேராத நான்காவது பிறவி ஒன்று இருக்கிறது. அதுதான் படகைப் பார்த்துச் சொல்கிறவர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் குறை கண்டுபிடிக்கவே வந்த பெரியப்பா மாதிரி துறையில் இப்படியும் அப்படியும் நடப்பார். படகின் விலாவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "ம்ம்ம்" என்பார்.

அந்த "ம்ம்ம்"க்கு என்ன அர்த்தம்? அவருக்கும் தெரியாது. ஆனால் படகு கட்டியவள் தூக்கத்தை அது கொண்டுபோய்விடும்.

போன தூக்கம் என் மகளுடையது, அதனால்தான் பெற்றவள் எனக்கு இத்தனை கோபம். பன்னிரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் படகுகளுக்குக் கதவும் ஜன்னலும் வரைந்தவள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, சமையலறை, குளியலறை, மூன்று படுக்கையறையோடு மாதக்கணக்கில் கடலில் போகிற மாதிரி ஒரு பெரிய பாய்ப்படகைத் தானே வரைந்து, தானே முன்னால் நின்று கட்டி முடித்தாள். வாங்க வந்தவர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். நல்ல மனிதர்கள். வேண்டாத வேலை ஒன்றுதான் செய்தார்கள்: "விஷயம் தெரிஞ்ச ஒருத்தரையும் கூட்டிட்டு வர்றோம்" என்றார்கள். அவர் தலையாட்டினால் படகு கடலுக்குப் போகும், மகள் அடுத்த படகை வரைவாள். ஆட்டாவிட்டால் பழைய அலுவலகம், பழைய கதவு, பழைய ஜன்னல்.

வந்தார். கையில் ஒரு குறிப்பேடு. அவர் கிறுக்கல் எனக்குப் புரியவில்லை. பெருக்கல் குறி தெரிய எழுத்து எதற்கு?

அலமாரியைத் திறந்தார். "கதவு இந்தப் பக்கம் திறந்திருக்கணும்." ஒரு பெருக்கல். இந்தப் பக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் கேட்டிருப்பார். செருப்போடு கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, நெஞ்சில் கைகோத்து, பார்த்தவர்கள் மாலை வாங்கப் போய்விடுகிற மாதிரி கிடந்துவிட்டு எழுந்தார். "கால் பக்கம் அரை அங்குலம் பத்தாது." இன்னொன்று. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம் கழித்து வந்து, "முழங்கை இடிக்குது" என்றார். உள்ளே முழங்கைக்கு என்ன வேலை? நான் கேட்கவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை அப்படி.

பிறகு கடலுக்குப் போனோம். பக்கவாட்டில் நல்ல காற்று. பாய் விரிந்ததும், "நகருங்க, நானே ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று படகைத் திருப்புகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் முதலில் சொன்னது, "பாயோட கயிறை இழுங்க." டாக்டர் இழுத்தார். "இன்னும்." இழுத்தார். பாய் விறைத்துக்கொண்டு நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் சுளுக்கியவன் மாதிரி நொண்டியது.

"பாத்தீங்களா? சோம்பேறிப் படகு. அடிவயிறு கனம். வரையும்போதே தப்பு."

"சார், கயிறைக் கொஞ்சம் தளர்த்தினா..." என்றாள் மகள்.

"ஏம்மா, நான் எத்தனை படகு பாத்திருக்கேன் தெரியுமா?"

"எத்தனை ஓட்டியிருக்கீங்க?" என்றார் டாக்டரின் மனைவி. வெகுளியாகத்தான் கேட்டார் போலிருக்கிறது.

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் டாக்டர். ஊர் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவருக்கு வீட்டில் ஒரு வாயை மூட வைக்க முடியவில்லை.

நிபுணர் குறிப்பேட்டை எடுத்தார். பெரிய பெருக்கலாக ஒன்று போட்டு, அடியில் கோடும் இழுத்தார். மகள் முகம் செத்துவிட்டது. டாக்டர் கரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சமையலறையில அடுப்பு ஆடுது, அது சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாமல் இருக்கத்தான் அந்த அடுப்பு ஆடுகிறது. அது எனக்கே தெரியும். ஆனால் குறை என்று காதில் விழுந்தால் இந்தப் பிறவிக்குக் கால் தரையில் நிற்குமா? சக்கரத்தை டாக்டர் மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மகள் கயிற்றை விட்டாள். ஒரு முழம். இன்னொரு முழம். பாய்க்கு மூச்சு வந்தது. படகு நிமிர்ந்தது, முன்னால் நுரை இரண்டாகப் பிளந்தது, வேகம் காட்டுகிற முள் நாலிலிருந்து எட்டுக்கு ஏறியது. டாக்டர் மனைவி பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி, "ஏங்க, இங்க பாருங்க! ஒரு விரலால ஓட்டறேன்!" என்று கத்தினார்.

நிபுணர் படியில் தலையை நீட்டினார். முள்ளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். இரண்டு நொடிதான். "நான் இழுத்து வச்சேன் பாருங்க, அது இப்பத்தான் வேலை செய்யுது."

அசந்துபோனேன். இது நூற்றில் ஒருவருக்குத்தான் வரும்.

டாக்டர் பழக்க தோஷத்தில், "அப்ப வாங்கலாமா சார்?" என்று அவரிடமே கேட்டார்.

"நீங்க யார்கிட்ட வேணா கேளுங்க. நான் இதை விட்டு இறங்க மாட்டேன்" என்றார் சக்கரத்தைப் பிடித்திருந்த அம்மாள். "உங்களுக்கு வேணாம்னா ரெண்டு பேரும் நீந்திப் போங்க."

டாக்டருக்கு நீச்சல் தெரியாது. படகு விலைபோனது.

இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படித்தபோது, "கயிற்றுக்கு வேறு பெயர் உண்டே, கதை சொல்கிற இந்த அம்மாளுக்கு என்ன தெரியும், கட்டில் கதையைக் குறைத்திருக்கலாமே" என்று ஓர் இடத்திலாவது தோன்றியிருக்குமே? தப்பில்லை, தோன்றத்தான் செய்யும். மகள் இரண்டாவது படகை வரைந்துகொண்டிருக்கிறாள். முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன், கட்டாயம் வாருங்கள். ஆடுகிற அடுப்புப் பக்கத்திலேயே உங்களுக்கு ஓர் இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன்.