மஞ்சள் பூசிய தேசிக்காய்

தேசிக்காய் மிதந்தால் அந்தப் பெண் தூண்டில் பிடிக்கலாம். அமிழ்ந்தால் ரோல்ஸ் பொரிக்கப் போகலாம். 1998ஆம் ஆண்டு யூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலோனுக்கு வெளியே மணல் தோண்டி உண்டான ஏரி ஒன்றின் கரையில், நூற்றைம்பது தமிழர் இந்தத் தீர்ப்பைக் கேட்பதற்காகக் கூடியிருந்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று குறித்துத் தந்த நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் காக்கவைத்தால் முகம் சுளிப்பவர்கள், இங்கே இரண்டு மணிநேரம் வெயிலில் பக்தியோடு காய்ந்தார்கள்.

தீர்ப்பு வழங்கியவர் ஜலசித்தர் கங்காதரானந்தா சுவாமிகள். அவருக்கு முன்னால் ஒரு பித்தளை அண்டா நிறைய ஏரித்தண்ணீர். வலப்பக்கம் வெள்ளைத் துணிப்பை, இடப்பக்கம் சிவப்புத் துணிப்பை. இரண்டிலும் மஞ்சள் அப்பிக் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழங்கள், நம் பாஷையில் தேசிக்காய்கள். சுவாமிகள் பெண்ணின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். கண்ணை மூடுவார். ஏதாவது ஒரு பைக்குள் கையை விடுவார். பழம் தண்ணீரில் விழும். மிதந்தால் கூட்டம் அரோகரா என்றது. அமிழ்ந்தால், தோஷம் கழிக்க எவ்வளவு ஆகும் என்று புருஷன் தாழ்ந்த குரலில் விசாரித்தான். கழித்தபின் போட்ட பழம் கட்டாயம் மிதந்தது. ஆனால் அந்த அனுமதி ஒரு மீன்பிடிச் சுற்றுக்கு மட்டுமே செல்லும், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். சாமிக்கும் விசா அலுவலகத்தின் நடைமுறை நன்றாகப் பிடிபட்டிருந்தது.

வேதக்காரர்களும் வந்திருந்தார்கள், செபமாலையைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு. ஏமாறுகிற இடத்தில் மட்டும் நம் ஆட்களுக்கு மதபேதம் கிடையாது.

ஆண்களுக்குப் பழம் போடுவதில்லை. ஆண்களுக்குத் தோஷம் இல்லையாம். எந்தச் சாத்திரத்தில் என்று கேட்க அங்கே ஓர் ஆணுக்கும் தோன்றவில்லை.

ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள் பிறேமா. மன்னார்க்காரி. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. இந்தப் போட்டித் தொடரே அவள் தொடக்கியதுதான். இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை எழுதிப் பத்திரம் வாங்க வேண்டும். எத்தனை வகை மீன், எதற்கு எந்த முள் என்று அறுபது கேள்வி, அத்தனையும் ஜெர்மனில். அதை அவள் முதலில் எழுதிச் சித்தியடைந்தாள். பிறகு பதின்மூன்று பெண்களையும் அவரவர் வீட்டு ஆண்களையும் சமையலறை மேசையில் இருத்திப் படிப்பித்து எழுதவைத்தாள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் அணி. யூன், யூலை, ஓகஸ்ட் என்று மூன்று சுற்று. பிடிக்க வேண்டியது பார்ஷ் மீன். முதுகில் முள், உடம்பில் கறுப்புப் பட்டை, நம் கொடுவாய்க்குத் தூரத்துச் சொந்தம், வாயும் அதே வாய். இங்கே மீன்பிடியைப் போட்டி என்று சொல்லக்கூடாது என்பதால், அன்றாக் என்கிற விண்ணப்பத்தில் 'சேர்ந்து மீன்பிடித்தல்' என்று எழுதினாள். ஏரிக்குச் சொந்தக்காரரான ஜெர்மன் சங்கம் ஒரே ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டது. கடைசிச் சுற்றில் பன்னிரண்டு முழு அணிகள் நிற்க வேண்டும். குறைந்தால் அடுத்த வருடம் ஏரி கிடையாது.

யூன் மாதச் சுற்றில் ஒரு விபத்து நடந்தது. பெண்கள் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். புஷ்பராணி பிடித்தது நாற்பத்தொரு சென்டிமீற்றர். அவளுடைய அணிக்காரனும் புருஷனுமான தாரகனுக்கு ஒரு சப்பாத்து, அதுவும் இடதுகால். தமிழ்ச் சங்கத் தலைவர் உருத்திரமூர்த்தியின் மனைவிக்கு நான்கு மீன். தலைவருக்குக் காற்று. அடுத்த கிழமையே தலைவர் எங்கிருந்தோ இந்தச் சாமியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். தோஷமுள்ள பெண்கள் நின்றால் கங்கைக்கு ஆகாது, ஆண்களின் தூண்டிலில் மீன் படாததற்கு அதுதான் காரணம் என்று சாமி சொன்னார். ஆண்கள் எல்லோருக்கும் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

புஷ்பராணியின் முறை வந்தது. சாமியின் கை சிவப்புப் பைக்குள் போனது. பழம் டுபுக்கென்று அடிக்குப் போனது. சாமி எட்டிப் பார்த்து, கல்யாணம் கட்டி எத்தனை வருஷம் என்று கேட்டார். எட்டு என்றான் தாரகன். பிள்ளைகள்? இல்லை.

"அதுதான் பழம் சொல்லுது," என்றார் சாமி, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. "இந்தப் பிள்ளை கால் வைச்ச தண்ணியிலை மீனும் குஞ்சு பொரிக்காது."

தாரகன் காசு கொடுக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். புஷ்பராணி மேசைக்குப் பின்னால் வந்து, அகப்பையை எடுத்து, ரோல்ஸைப் புரட்டத் தொடங்கினாள். ஒரே ரோல்ஸை அவள் திரும்பத் திரும்பப் புரட்டுவதைப் பிறேமா கண்டாள். அந்தச் சாமியின் தலையை அண்டாவுக்குள் அமுக்க வேண்டும் போல இருந்தது பிறேமாவுக்கு. அன்று மாலைக்குள் ஐந்து பெண்கள் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி ஒன்பது அணி.

புதன்கிழமை புஷ்பராணி தூண்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பிறேமாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய அந்தப் பழம். ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கால்வாயில் அதை எறிய வேண்டும் என்பது சாமியின் கட்டளையாம். கனடாவிலிருக்கும் மாமியாருக்கும் யாரோ தொலைபேசியில் செய்தியைச் சேர்த்துவிட்டார்கள். மூன்று நாளாக நித்திரை இல்லை என்றாள்.

பிறேமா பழத்தை வாங்கினாள். கையெல்லாம் குங்குமம் ஒட்டியது. அரியண்டமாக இருக்கிறதே என்று குழாயைத் திறந்து பழத்தையும் சேர்த்துக் கழுவினாள். மஞ்சள் கரைந்து ஓடியது. உள்ளே பழம் பச்சையாக இருந்தது.

ஜெர்மன்காரனுக்கு இவை இரண்டு பழம், இரண்டு பெயர். மஞ்சள் நிறத்தில் பெரிதாக இருப்பது சிட்றோன. பச்சையாகச் சின்னதாக இருப்பது லிமெட்டெ. நம் ஆட்களுக்கு இரண்டும் தேசிக்காய்தான். பத்து வருடமாகக் கறிக்கு இரண்டையும் பிழிந்த பிறேமாவும் வேறாக நினைத்ததில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் விட்டுப் பச்சையைப் போட்டாள். அடிக்குப் போய் இருந்துகொண்டது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மஞ்சளை எடுத்துப் போட்டாள். மிதந்தது.

"அக்கா, ஆற்றை பேருக்குப் போட்டனீங்கள்?" என்று பயந்துபோய்க் கேட்டாள் புஷ்பராணி.

"ஒருத்தற்றை பேருக்கும் இல்லை. சும்மா போட்டனான்."

பிறேமாவின் புருஷன் சில்வெஸ்டர் கடைக்கு ஓடிப்போய் ஒவ்வொன்றிலும் பத்து வாங்கிவந்தான். குளிக்கும் தொட்டியை நிரப்பிக் கொட்டினார்கள். மஞ்சள் பத்தும் மேலே, பச்சை பத்தும் கீழே. சில்வெஸ்டர் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டான். அவன் வேலைசெய்யும் உணவகத்துக்கு அடுத்தது ஒரு மதுக்கடை. சீனியும் பனிக்கட்டியும் பச்சைத் தேசிக்காயும் போட்டு இடிக்கும் ஒரு பானம் அந்த வருடம் அங்கே ஓகோவென்று ஓடியது. சனிக்கிழமைகளில் அங்கே பின்கதவடியில் பெட்டி பெட்டியாகப் பழம் கழுவி வெட்டும் ஆளின் முகம் அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கங்காதரன் என்று பெயர். ஆனந்தா பிறகு சேர்ந்தது.

புஷ்பராணி சிரிக்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இதுக்கே அக்கா என்னை அத்தனை சனத்துக்கு முன்னாலை..." தூண்டிலை அவள் திரும்பவும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஓகஸ்ட் மாதச் சுற்றுக்கு இருநூற்றைம்பது பேர் வந்தார்கள். மீன் பார்க்க வந்தவர்கள் குறைவு, பழம் பார்க்க வந்தவர்களே கூடுதல். ஏரிக் காவலர் ஹெர் கோலரும் வந்திருந்தார். எழுபது வயது, கையில் பட்டியல், பன்னிரண்டு அணியை எண்ணித்தான் போவேன் என்ற முகம். சாமி கண்ணை மூடப்போகும் நேரம் பார்த்துப் பிறேமா முன்னால் போய்ப் பணிவாகக் கும்பிட்டாள்.

"சாமி, நீங்களும் தண்ணிக் கரையிலைதானே இருக்கிறியள். உங்கடை பேருக்கு ஒண்டு போட்டுப் பாப்பம்."

கூட்டம் சந்தோஷப்பட்டது. சாமியும் புன்னகைத்து, வெள்ளைப் பைக்குள் கையை விட்டார்.

"அதிலை வேண்டாம் சாமி. இந்தச் சிவப்புப் பையிலை எடுங்கோ."

சாமியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. குருவைப் பரீட்சித்தால் குடும்பத்துக்குக் கூடாது என்றார். தலைவர் உருத்திரமூர்த்தி குறுக்கே வந்தார். அதற்குள் பிறேமா சிவப்புப் பையைத் தூக்கிவிட்டாள். முதல் பழத்தைச் சாமியின் பெயருக்குப் போட்டாள். டுபுக்.

"சாமி தண்ணிக்குள்ளை தாண்டு போச்சுது," என்று யாரோ ஒரு கிழவர் விளக்கம் சொன்னார்.

இரண்டாவது தலைவர் பெயருக்கு. டுபுக். மூன்றாவதை ஒருவர் பெயருக்கும் இல்லை, சும்மா போடுகிறேன் என்று சொல்லிப் போட்டாள். அதுவும் டுபுக். பிறகு வெள்ளைப் பைக்குள் கையை விட்டு, புஷ்பராணியின் பெயரைத் தொண்டை கிழியச் சொல்லி ஒன்றைப் போட்டாள். அது அண்டா நடுவில் ஆடி ஆடி மிதந்தது.

ஒருவரும் அரோகரா சொல்லவில்லை. ஹெர் கோலர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு சொல் தமிழ் தெரியாத மனிதர். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துக் கைலேஞ்சியால் துடைத்தார். "லிமெட்டெ," என்றார். மிதந்ததை எடுத்துத் துடைத்தார். "சிட்றோன," என்றார். பிறகு இந்தப் பழங்களுக்கு உரிய பானம் எங்கே என்று மேசைப் பக்கம் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு பெண்கள் சிரித்தார்கள். சில்வெஸ்டர் மதுக்கடைச் சங்கதியை எடுத்துவிட்டபோது ஆண்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். ஜலசித்தர் தண்ணீர்மேல் நடந்து மறைவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். கார் நிறுத்திய பக்கமாக, சேற்றில் செருப்பொன்றை விட்டுவிட்டு ஓடினார்.

விலகிய பெண்களும் தூண்டிலோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஹெர் கோலர் எண்ணினார். பதின்மூன்று அணி. பதினான்காவதாகத் தாரகன், மனைவிக்கு முன்னால் தூண்டிலை நீட்டியபடி, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றான்.

"நூல் சிக்குப்பட்டிருக்கு," என்றாள் புஷ்பராணி. "முதல்லை அதை எடுத்துத் தாங்கோ. பேந்து வீட்டை போய்க் கதைப்பம்."

அன்று அவளுக்கு ஒரு சாண் மீன் ஒன்றுதான் பட்டது. அவள் மாலைவரை முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

ரோல்ஸ் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பிறேமாவிடம் உருத்திரமூர்த்தி ஒதுங்கி வந்தார். போன மாதம் சாமி தந்த பழமொன்று தன் வீட்டுச் சாமியறையில் இருக்கிறதாம். "பிறேமா, அதை இனி வீட்டிலை வைச்சிருக்கலாமோ? ஏதும் தோஷம் வருமோ?"

"பிழிஞ்சு குடியுங்கோ அண்ணை," என்றாள் பிறேமா. "ஆனால் முதல்லை குழாயடியிலை வடிவாக் கழுவுங்கோ. பழத்தோடை சேத்துத் தலையையும்."

தலைவர் போய்விட்டார். நீங்கள் போகாதீர்கள். உங்கள் தலையில் யார் எப்போது மஞ்சள் பூசினார்கள் என்று, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே ஒருதரம் கழுவிப் பாருங்கள்.