அடுத்த முறை அண்ணன்

அடுத்த முறை அண்ணனை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். போன தேர்தலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாரே, அவர்தான். சிறுபான்மை மக்களுக்காக உருகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேடையில் உருகுவார், மைக் இல்லாவிட்டாலும் உருகுவார், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போதுகூட உருகுவார். இருபது வருடங்களாக உருகாமல் மிஞ்சியிருப்பது அவருடைய கட்சிச் செயலாளர் பதவி ஒன்றுதான்.

ஆற்றுக்கு அக்கரையில் சிறுபான்மையினர் வாழும் பகுதிக்குப் பேருந்து கிடையாது. பிரசவ வலி வந்த ஒருத்தியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன மறுநாள், அங்கே தையல் கடை வைத்திருக்கும் அக்கா நாற்பது பெண்களோடு பேருந்துப் பணிமனை வாசலில் போய் உட்கார்ந்தார். வெயில், மழை, போலீஸ், வசவு. ஐம்பத்திரண்டாம் நாள் பேருந்து வந்தது. ஐம்பத்தொன்றாம் நாள் அண்ணன் வந்தார். புகைப்படத்தில் நடுவில் நிற்பது யார் என்று சொல்ல வேண்டுமா?

வாக்குச்சாவடிப் பக்கமே போகாத அக்கரைக்காரர்கள் அந்தப் போராட்டத்தின் சூட்டோடு வரிசையில் நின்று வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். நகராட்சித் தேர்தல் வந்தபோது, அந்த வார்டில் யார் ஜெயிப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. அதுவரை நகர மன்றத்தில் அவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. அக்கா சீட் கேட்டுப் போனார்.

அண்ணனுக்குக் குரல் தழுதழுத்தது.

"உன்னை விட்டா யாரும்மா இருக்கா? ஆனா ஜனம் இன்னும் பக்குவப்படல. நான் உனக்கு ஓட்டுப் போடுவேன், மத்தவன் போடணுமே?"

"மத்தவன்னா யாருண்ணே?"

"அதான்... மத்தவன். அடுத்த முறை நீதான். இந்தத் தடவை என் மச்சானை நிறுத்திட்டோம்."

இந்த அண்ணன்மார் இனம் ஒருபோதும் மறுக்காது. தள்ளிப்போடும். 'மத்தவன்' என்ற அந்த ஆசாமியை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அக்காவை வெறுங்கையோடு அனுப்பவும் அண்ணனுக்கு மனசு வரவில்லை. வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் வேண்டுமே என்று 'மாற்று வேட்பாளர்' ஒருவர் பேருக்கு மனுப் போட்டு வைப்பது வழக்கம். அந்தக் கௌரவத்தை அக்காவுக்கு அளித்து, அதற்கும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் விதி தன் கைவரிசையைக் காட்டியது. மச்சானை எந்த அலுவலகமும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே மனுவைப் படிக்காமல் இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். மூன்றாவது விட்டுப்போனது. அக்காவோ பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, கடை உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும், ஒரு புள்ளி குறைந்ததற்காக ஏழு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, மூன்று முறை படித்து எழுதியிருந்தார். பரிசீலனையில் மச்சான் அவுட். அக்கா வேட்பாளர்.

மறுநாள் காலை அண்ணன் தையல் கடையில் நின்றார். கையில் வாபஸ் படிவம், கண்ணில் நீர்.

"மச்சான் சம்சாரம் எதுக்கும் இருக்கட்டும்னு சுயேச்சையா மனுப் போட்டு வச்சிருக்கும்மா. நீ விலகிக்கிட்டா கட்சி அதுக்கு ஆதரவு குடுத்துரும். உன் காலைப் பிடிக்கிறேன், தங்கச்சி."

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தினார். படிவத்தை வாங்கி, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார். அண்ணன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கண்ணே. ஒரு தப்புகூட இல்ல." படிவத்தை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினார். "அடுத்த முறை கையெழுத்துப் போடுறேன்."

வரும் ஞாயிறு வாக்குப்பதிவு. அண்ணனைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'அந்த அம்மா நல்லவங்கதான், ஆனா மத்தவங்க ஓட்டுப் போடணுமே' என்று ஒரு நினைப்பு வந்ததா, இல்லையா? வந்திருந்தால் பயப்படாதீர்கள். வலிக்காது. கொஞ்ச நேரத்தில் கண் கலங்கும், அவ்வளவுதான்.