மோட்டார் ரூம் அரிவாள்

"ஏட்டி செல்லக்கிளி, கதவச் சாத்து. உம்மவன் நம்ம குடியக் கெடுத்துட்டான்."

செல்வமணி தோளில் இருந்த சாக்கை அடுக்களையில் இறக்கினார். உள்ளே ஓர் அரிவாள். நிறுத்தி வைத்தால் இடுப்புக்கு வரும். வாழைத் தோட்டத்து மோட்டார் ரூமில், உரமூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

போன வாரம் சந்தையில் ஒருத்தனை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டின அரிவாள் இன்னும் கிடைக்கவில்லை. விவசாயத்துக்கு உள்ளது தவிர வேறு அரிவாள் வீட்டில் இருந்தால் கேஸ் என்று போலீஸ் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறது. மகன் மணிராஜுக்குக் கத்தாரில் வேலை ஆகியிருந்தது. அவன் மேல் கேஸ் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் விமானம் ஏற முடியும். மெடிக்கல் டெஸ்டுக்காக மதுரைக்குப் போயிருந்தான்.

"அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"போன்ல அரிவான்னு சொன்னாலே ஒட்டுக் கேட்டுட்டு வந்துருவானுவ. நீ சும்மா இரி."

செல்லக்கிளி அரிவாளைத் தடவிப் பார்த்தாள். "கூரே இல்லியே. மொண்ணையால்லா இருக்கு. மஞ்சமஞ்சளா என்னமோ வேற ஒட்டியிருக்கு."

"கூர் போட நேரம் பாத்துட்டு இருந்திருப்பான். எவன வெட்டப் போனானோ."

"எம்மவன் கோழி அறுத்தாலே கண்ண மூடிக்கிடுவான்."

"இப்ப உள்ள பயலுவள நம்ப முடியாது. ஆத்துல கொண்டு போட்டுட்டு வாரேன்."

அரிவாளை ஒரு வாழைத்தாரோடு சேர்த்துச் சருகு சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு போனார். படித்துறையில் ஒரே கூட்டம். சந்தை அரிவாளைத் தேடிப் போலீஸ் தண்ணீருக்குள் ஆளை இறக்கியிருந்தது.

"வாரும் வே," என்றார் ஏட்டு பெர்லின். "தார் எங்க போவுது?"

"சும்மா... குளிப்பாட்டலாம்னு."

"வாழத்தாரையா?"

"மருந்தடிச்சது சார். நாறுது."

ஏட்டு பார்த்துக்கொண்டே நின்றார். வேறு வழியில்லை. சருகைப் பிரிக்காமலே செல்வமணி தாரின் தலையில் கை நிறையக் கை நிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். பிறகு அரிவாளோடு வீட்டுக்கே திரும்பினார்.

"விவசாயத்துக்கு உள்ளதுன்னா விட்டுருவாவல்லா? அப்பம் இத விவசாய அரிவாளா ஆக்கிட்டாப் போச்சு."

மத்தியானம் பூரா கல்லில் வைத்துத் தீட்டினார். மஞ்சள் போனது. கையில் இருந்த முடியைச் சிரைத்துப் பார்த்தார், சிரைத்தது.

"பளபளங்குது," என்றாள் செல்லக்கிளி. "இத வச்சு வாழ வெட்டுனேன்னா எவன் நம்புவான்?"

அதுவும் சரிதான். தோட்டத்துக்குப் போய், தார் இறக்கின வாழைகளை ஒரு வரிசை வெட்டிச் சாய்த்தார். பால் வடிந்து, காயக் காய, அரிவாள் முழுக்கக் கறுஞ்சிவப்பாகக் கறை ஏறியது.

"இப்பம் எவன் பாத்தாலும் வெள்ளாம பாக்குத சம்சாரி அரிவாதான்."

மறுநாள் காலையில் வீடு வீடாகச் சோதனை. ஏட்டு வாசலுக்கு வருமுன்னே செல்வமணி அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"விவசாய அரிவா சார். நீங்களே பாத்துக்கிடுங்க."

பெர்லின் பார்த்தார். முகம் மாறியது. "என்ன வே ரத்தம்?"

"அய்யோ, வாழக்கறை சார்!"

"நான் புன்னக்காயல்காரன். மீன் ரத்தம் தெரியும், மனுசன் ரத்தம் தெரியும். வாழைக்கு எங்க வே ரத்தம் வரும்? இம்புட்டு நீளத்த வச்சு எவன் வாழ வெட்டுதான்? யாருது இது? உம்ம மவனோடதா?"

செல்லக்கிளி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றார் செல்வமணி. "என்னோடது. நாந்தான் செய்யச் சொன்னேன். நாந்தான் தீட்டுனேன்."

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"கறைய டெஸ்டுக்கு அனுப்புதோம்," என்றார் ஏட்டு. "ரத்தம் இல்லன்னு வந்தாலும் நீரு உள்ளதான். இந்த நீளத்துக்கும் இந்தக் கூருக்கும் தனிக் கேஸு. மொண்ணையா இருந்தாலாவது பாத்துச் செஞ்சிருக்கலாம்."

செல்வமணி தலையை ஆட்டினார். ஆனாலும் மனசு ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. புள்ள தப்பிச்சான்.

அரிவாள் யார் செய்யச் சொன்னது என்று கேட்கக் கொல்லர் சுடலையாண்டியைக் கூட்டி வந்தார்கள். என் பேரைச் சொல்லும் என்று செல்வமணி கண்ணாலேயே கெஞ்சினார். சுடலையாண்டி அவரைப் பார்க்கவில்லை. அரிவாளின் விளிம்பில் விரலை ஓட்டியவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம்.

"இதுக்கு எந்தக் கூறுகெட்டவன் சார் கூர் போட்டான்? நான் கத்தாருக்குப் போன பொறவு எங்கப்பா போலீஸ் ஸ்டேஷன் படி மிதிச்சிறக் கூடாதுன்னு மணிராஜ் மாடன் சாமிக்குச் சாத்த நேந்துக்கிட்டு, மொண்ணையா அடிச்சு மஞ்ச தடவி வாங்கிட்டுப் போன அரிவால்லா இது!"