ஆறு லிட்டரைத் தாண்டாது

கால்குலேட்டர் ஆறு புள்ளி நாலு என்றது.

வோல்க்மார் ப்ரிங்க்மன் அழித்துவிட்டு மறுபடி தட்டினார். அதே ஆறு புள்ளி நாலு. கால்குலேட்டரைக் குலுக்கினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"ஐயா, ரொப்பியாச்சுன்னா நகருங்க! பங்க்ல உக்காந்து பரீட்சையா எழுதறீங்க?" என்று பின்னால் நின்ற வேன்காரர் கத்தினார்.

வோல்க்மார் நோட்டை மூடிவிட்டு வண்டியை நகர்த்தினார். பதினொரு வருடமாக ஒரே பங்க், அதிலும் நாலாம் நம்பர் பம்ப். குழாய் 'டக்' என்று முதல் தடவை நின்றதும் கையை எடுத்துவிடுவார். அங்கேயே லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்து எழுதுவார். ஆறு சிலிண்டர், ஐந்து பேர் தாராளமாக உட்காரும் நீள டீசல் கார். தயாரித்த கம்பெனியே நம்பாத அளவுக்கு, நூறு கிலோமீட்டருக்கு ஐந்து புள்ளி எட்டு லிட்டரில் ஓட்டிக் காட்டியவர் அவர்.

அந்தத் திமிரில்தான் கோடையில் மகள் மைகேயிடம் வாயை விட்டிருந்தார்.

"அப்பா, அம்மா போனப்புறம் இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? பஸ்ஸை வாங்கி ஒத்தை ஆளா ஓட்டற மாதிரி இருக்கு. சின்னதா ஒரு எலெக்ட்ரிக் வாங்கிக்கங்க."

"இது குடிக்கறதே இல்லம்மா. ஆறு லிட்டரைத் தாண்டினா அன்னிக்கே வித்துடறேன். போதுமா?"

"நோட்டைக் காட்டணும்!"

"தாராளமா!"

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை மைகே வருகிறாள். கூடவே அவள் கணவனின் ஆபீஸ் நண்பர் ஒருவரும், காரைப் பார்க்க, 'சும்மா' வருகிறார். நோட்டில் பொய் எழுதலாம்தான். ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாத கை அது. அதோடு, மனைவி ரோஸ்விதா மடித்து வைத்த டென்மார்க் வரைபடம் இன்னமும் பக்கத்து சீட்டுக் கதவில்தான் இருந்தது. அவர் அதை வெளியே எடுத்ததில்லை. காரை விற்றால் எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று வாரம் இருந்தது.

முதல் வைத்தியம் வேகம். ஹனோவரில் ஆபீஸ், பைனவில் வீடு, நடுவே நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. எல்லோரும் நூற்று நாற்பதில் பறக்கிற இடத்தில் எண்பத்தைந்தில், ஒரு லாரியின் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஊர்ந்தார். இரண்டாம் நாள் லாரிக்காரர் ஓரமாக நிறுத்தி இறங்கி வந்தார்.

"ஏன் சார், என் பின்னாடியே வர்றீங்க? போலீஸா?"

"இல்லீங்க. காத்துக்காக."

லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்து வீட்டுக்குப் போங்க சார்" என்றார், நோயாளியிடம் சொல்வதைப் போல.

வீடு சேரத் தாமதமானது. ஜன்னல்கள் எல்லாம் இருட்டாகக் கிடந்தன. நெடுஞ்சாலையிலிருந்து வந்த டீசல் வண்டியை உடனே அணைக்கக்கூடாது, டர்போ ஆற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டார். ரேடியோவில் யாரோ கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

அந்த வாரக் கணக்கு: ஆறு புள்ளி ஐந்து.

இரண்டாவது வைத்தியம் எடை. பின் சீட்டைக் கழற்றினார். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கினார். மற்ற டயர்களில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினார். மூன்றாம் நாள் ஒரு குழியில் இறங்கியதும் முன் டயர் வெடித்தது. ஸ்டெப்னி பத்திரமாக வீட்டில் இருந்தது.

மீட்பு வண்டி வந்து காரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வோல்க்மாரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இது நூறுக்கு எவ்ளோ குடிக்கும்?"

"முப்பது. உங்க காரையும் சுமந்தா முப்பத்திரண்டு. ஏன் சார்?"

"சும்மாதான்."

இன்று பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரு சொட்டுச் செலவில்லாமல் வந்தது என்று நோட்டில் எழுதலாமா என்று யோசித்தார். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் எர்தெம் புது டயர் மாட்டிவிட்டு, இன்ஜினையும் ஒரு மணி நேரம் குடைந்தான்.

"இன்ஜெக்டர் சுத்தம். பிரேக் ஒட்டல. ஒழுகல் இல்ல. வண்டி கல்லு மாதிரி இருக்கு சார். நீங்கதான் இளைச்சிருக்கீங்க. ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"நான் சாப்பிடறதை யாரு கேட்டா? வண்டி குடிக்கறதைச் சொல்லுப்பா!"

மூன்றாவது வைத்தியம் ஹீட்டர். பனியில் வழி நெடுக அதைப் போடவில்லை. தொப்பி, கையுறை, ரோஸ்விதா பின்னிய மப்ளர் சகிதம் ஓட்டினார். மூச்சு கண்ணாடியில் படிந்து உறைந்தது. வாசலில் வந்து நின்ற பிறகுதான், டர்போ ஆறுகிற அந்த ஒரு நிமிடம் மட்டும், விரல் மடங்குவதற்காக ஹீட்டரைப் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய் ரொட்டியில் சீஸ் வைத்து நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை நாலாம் நம்பர் பம்ப் 'டக்' என்றது. ஆறு புள்ளி எட்டு.

வோல்க்மார் ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியில் கோளாறு இல்லை. ஓட்டுவதிலும் கோளாறு இல்லை. அப்படியென்றால் டீசலை யாரோ திருடுகிறார்கள்!

வேலையிலிருந்து பாதியில் வந்தவர் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேரே எதிர்வீட்டு மணியை அடித்தார்.

எதிர்வீட்டுத் திருமதி ஓல்ட்மன்ஸ் தனியாக வசிப்பவர், எழுபது வயது. சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமையில் ஆணி அடித்தவர் யார், மதிய ஓய்வு நேரத்தில் புல் வெட்டியவர் யார், குப்பைத்தொட்டியை ஒரு நாள் முன்னதாக வெளியே வைத்தவர் யார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் குறித்து வைப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவரைக் கண்டால் கிலி.

"என்ன ப்ரிங்க்மன் சார், அதிசயமா? பகல் வெளிச்சத்துல உங்களைப் பாத்து மாசமாச்சு."

"என் வண்டியில யாரோ டீசல் உறிஞ்சறாங்கம்மா. நீங்க பாத்திருப்பீங்க."

"திருட்டா? இந்தத் தெருவுலயா? நான் எழுதாம ஒரு பூனைகூட ரோட்டைத் தாண்டாது சார்."

"அப்ப அந்த நோட்டைக் காட்டுங்க!"

அந்த அம்மாள் தயங்கினார். "அது நகராட்சிக்கு அனுப்பறதுக்காக எழுத ஆரம்பிச்சது. அப்புறம் அனுப்ப மனசு வரல. விடுங்களேன். காபி போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

"காபி வேணாம்மா. நாளைக்கு என் பொண்ணு வந்து வண்டியை வித்துடுவா. தயவுபண்ணி காட்டுங்க!"

நோட்டு வந்தது. 'எதிர்வீட்டுக் கார்' என்று அழகான கையெழுத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே பக்கம் பக்கமாக நேரங்கள். வோல்க்மார் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார்.

"திங்கள், சாயங்காலம் ஆறு இருபதுலேர்ந்து ஏழு அஞ்சு. செவ்வாய், ஆறரைலேர்ந்து ஏழு இருபது. புதன், ஆறு நாற்பதுலேர்ந்து ஏழே முக்கால்..."

அவர் முகம் சிவந்தது.

"அடப்பாவி! தினம் தினம் வந்திருக்கான்! ஒரு மணி நேரமா உக்காந்து உறிஞ்சியிருக்கான்! நீங்களும் பாத்துக்கிட்டு எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க! அந்நேரம் நான் எங்கம்மா போயிருந்தேன்?"

திருமதி ஓல்ட்மன்ஸ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க வண்டிக்குள்ளதான் சார் இருந்தீங்க. முதல்ல இருக்கறது நீங்க வாசல்ல வந்து நின்ன நேரம், ரெண்டாவது நீங்க இன்ஜினை அணைச்ச நேரம். உங்க வீட்டம்மா இருந்த வரைக்கும் அது ஒரு நிமிஷத்தைத் தாண்டினதே இல்ல."