அண்டாவில் அமர்ந்த வேட்பாளர்

வரைபடத்தில் தேடினால் அகப்படாத சாய்நிலம் என்ற நாட்டில் வாக்குச்சீட்டு கிடையாது, கைதூக்கும் வழக்கமும் கிடையாது. தலைவரைத் தண்ணீரால்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே அளவில் வார்த்த இரண்டு வெண்கல அண்டாக்களைத் தேர்தல் மைதானத்தில் வைத்து, ஆளுக்கொன்றில் வேட்பாளர்களை உட்காரவைப்பார்கள். குடிமக்கள் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தமக்குப் பிடித்தவர் இருக்கும் அண்டாவில் ஊற்ற வேண்டும். யாருடைய முகவாயைத் தண்ணீர் முதலில் தொடுகிறதோ அவர் தலைவர். இதைவிட நேர்மையான முறை உலகில் இல்லை என்று அந்த நாட்டுப் பாடப் புத்தகங்கள் சொல்லின.

நாடு பெயருக்கேற்பச் சரிவானது. மேலே மேட்டுப்புறம். மதகு அங்கே இருந்தது. கீழே, வாய்க்கால் முடியும் இடத்தில், கடைமடை. வாய்க்கால் கடைமடைவரை ஒழுங்காகப் போனது. தண்ணீர்தான் பாதி வழியில் நின்றுவிடும்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் மேட்டுநீர்க் கட்சியின் வீரகண்டன். நாட்டுக்கு நல்லது செய்யும் ஆசை அவருக்கு நிறைய இருந்ததுதான் சிக்கல். முதலில், 'வறட்சி' என்ற சொல் மக்களைச் சோர்வடையச் செய்கிறது என்று அதை நீக்கி 'வெயில் வளம்' என்று சொல்லப் பணித்தார். கடைமடையில் வெயில் வளம் பெருகிக் குளம் சேறானது. அடுத்து, கிணற்றுக்கு நீளமான கயிறு வைத்திருப்பது அரசின்மீது நம்பிக்கையின்மையைக் காட்டுகிறது என்று கயிறுகளைப் பாதியாக நறுக்கச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இருந்தது, வாளி எட்டவில்லை. பிறகு தண்ணீருக்கு நன்றி தெரிவிக்கும் விதமாக வாய்க்காலின் நடுவே தமக்கொரு சிலை வைத்தார். சிலையின் பீடம் வாய்க்காலின் அகலத்துக்குச் சற்றே குறைவு. இத்தனைக்கும் மேலாக, அடுத்த முறை வென்றால் கடைமடை மக்களின் குடங்களை அரசே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்றும் வாக்குறுதி கொடுத்திருந்தார்.

எதிரே இருந்தது சமநீர்க் கட்சி. எல்லா மடைக்கும் சமமாகத் தண்ணீர் என்பது அதன் கொள்கை. கடைமடைக்காரர்கள் பரம்பரையாக அந்தக் கட்சிக்குத்தான் குடிதண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினார்கள். இந்த முறை தையல்முத்து என்பவரை வேட்பாளராக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் ஊரைத் திரட்டி வாய்க்காலைத் தூர்வாரியவர், கயிறு நறுக்க வந்த அதிகாரிகளை முதல் தடவை கேள்வி கேட்டே திருப்பி அனுப்பியவர். கட்சியோ மேட்டுப்புறத்துப் பூபாலசிகாமணியை நிறுத்தியது. மதகுக்குப் பக்கத்தில் அவருக்குப் பெரிய தர்பூசணித் தோட்டம். தோட்டத்துக்கென்று தனி மடை.

காரணத்தை விளக்கக் கட்சிப் பெருஞ்செயலாளர் குணபூஷணர் கடைமடைக்கே வந்தார். மாலை மரியாதையெல்லாம் முடிந்தது.

"தையல்முத்து அம்மையாரின் தியாகத்துக்குக் கட்சி தலைவணங்குகிறது" என்று தொடங்கினார். "ஆனால் அவரை வெள்ளோட்டமாக ஓர் அண்டாவில் உட்காரவைத்துப் பார்த்தோம். தண்ணீர் அசையவே இல்லை. வீரகண்டனோ மகா உருவம். உட்கார்ந்தாலே அண்டா பாதி நிறைந்துவிடும். அவரை எதிர்க்க அதே கனமுள்ள ஒருவர் வேண்டாமா? தேர்தலில் தியாகத்தை யாரும் அளப்பதில்லை, நீர்மட்டத்தைத்தான் அளக்கிறார்கள்."

கூட்டத்தின் முன்வரிசையில் அரியநாச்சி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாற்றங்கால் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வந்தால் நடலாம். வராவிட்டால் பக்கத்து வீட்டார் போல அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இருந்த விதைநெல் முழுவதையும் அந்த நாற்றங்காலில்தான் போட்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்று எழுந்தாள். "அவரு தோட்டத்து மடை ராப்பகலா தெறந்தே கெடக்கு. எங்களுக்கு வர்ற தண்ணியில பாதி அங்கதான் போவுது. மொதல்ல அதை அடைக்கச் சொன்னா என்னங்க?"

குணபூஷணர் குழந்தைக்குச் சொல்வது போலச் சிரித்தபடி விளக்கினார். "அம்மா, தர்பூசணிதான் வேட்பாளரின் உடல்வாகுக்கு ஆதாரம். உடல்வாகுதான் வெற்றிக்கு ஆதாரம். வெற்றிதான் கடைமடைத் தண்ணீருக்கு ஆதாரம். ஆகவே, கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமானால், தேர்தல் முடியும்வரை கடைமடைக்குத் தண்ணீர் வரக் கூடாது."

கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் அவரோடு வண்டியில் வந்தவர்கள்.

மறுநாளே கட்சியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேட்பாளர்மீது ஐயம் கொள்வது தொண்டர்களின் உற்சாகத்தைக் குறைத்து நீர்வரத்தைப் பாதிக்கிறதாம். ஆகவே ஐயங்கள் அனைத்தும் வெற்றிக்குப் பிந்தைய தேதிக்கு ஒத்திவைக்கப்படுகின்றனவாம். மீறி ஐயப்படுவோர், அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, தேர்தலன்று ஒன்றுக்கு இரண்டு குடமாக ஊற்ற வேண்டுமாம்.

அரியநாச்சியின் கணவன் மாசிலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் வரமாட்டேன் புள்ள" என்றான். "அவன் கயித்தை நறுக்குனான். இவன் மடையைத் தெறந்துவச்சுக்கிட்டு சமநீருங்கறான். ரெண்டு பேருக்கும் ஊத்தாம நம்ம தண்ணிய நாமளே குடிச்சிட்டு கெடப்போம்."

"குடிச்சிட்டு? அடுத்த வாரம் என்னத்தைக் குடிப்பீங்க? வீரகண்டன் ஜெயிச்சா கொடமே போயிரும்."

"அப்ப இந்தத் தர்பூசணிக்கு ஊத்தப் போறியா? அந்தாளை நம்புறியா நீ?"

"நம்பலைங்க. ஆனா ஊத்தப் போறேன். ரெண்டு கொடம்."

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அன்று இதே சண்டைதான். ஒரே உலையில் சோறு வடித்தவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். கடைசியில் பாதிப் பேர் போவதென்றும் பாதிப் பேர் போவதில்லையென்றும் ஆனது. போகிறவர்கள் எல்லாருக்குமே ஐயம் இருந்ததால், ஆளுக்கு இரண்டு குடம் எடுத்தார்கள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. குளத்தின் கடைசித் தண்ணீரை வடிகட்டித்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

தேர்தல் நாள் வந்தது. அண்டாக்களில் இருவரும் பட்டு வேட்டியோடு அமர்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேடையில் தேர்தல் அதிகாரி நாவலங்காரர், கையில் வெற்றிப் பிரகடனச் சுருளோடு நின்றார். சட்டப்படி, மணி அடித்து ஒருவர் வென்ற பிறகு, பிரகடனத்தை முழுவதும் படித்து முடித்து அதிகாரி கைகொடுத்துத் தூக்கும்வரை வென்றவர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் வெற்றி மற்றவருக்குப் போய்விடும். நாவலங்காரரின் பிரகடனம் மிக நீளம். யார் வென்றாலும் பொருந்தும்படி பெயருக்கு மட்டும் இடம் விட்டு எழுதியிருந்தார்.

தண்ணீர் எந்த வரிசையில் பாயுமோ அந்த வரிசையில்தான் மக்கள் ஊற்ற வேண்டும் என்பது மரபு. மேட்டுப்புறத்தார் முதலில், கடைமடையார் கடைசியில். அவர்கள் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் தண்ணீர் கழுத்தளவு. வீரகண்டனுக்கு ஒரு விரற்கடை அதிகம்.

"வாருங்கள், வாருங்கள்! நாட்டின் எதிர்காலம் உங்கள் இடுப்பில் இருக்கிறது!" என்று குணபூஷணர் வியர்க்க விறுவிறுக்கக் கூவினார்.

கடைமடை மக்கள் தலைக்குடங்களை இறக்கி வரிசையாக ஊற்றினார்கள். நாக்கு வறண்டிருந்தவர்கள் ஊற்றிய தண்ணீர் அது. பூபாலசிகாமணியின் முகவாயைத் தண்ணீர் தொட்டது. மணி அடித்தது. சமநீர்க் கட்சி வென்றது. பட்டாசு வெடித்தது. நாவலங்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சுருளைப் பிரித்தார்.

"மதகின் மாண்பே! மடைகளின் மணியே! நீர்மட்டத்தை உயர்த்திய நிகரிலா..."

அப்போது அரியநாச்சி இடுப்புக் குடத்தோடு அண்டாவின் விளிம்புக்கு வந்தாள்.

"போதும் அம்மா, வென்றாகிவிட்டது" என்றார் குணபூஷணர்.

"ஐயம் இருக்கறவங்க ரெண்டு கொடம் ஊத்தணும்னு நீங்கதானேங்க எழுதி அனுப்புனீங்க? எங்களுக்கு இன்னும் தீரலீங்களே."

குணபூஷணர் அதிகாரியைப் பார்த்தார். நாவலங்காரர் படிப்பதை நிறுத்தி யோசித்தார். "மணிக்குப் பிறகு ஊற்றக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. வென்ற பிறகும் கையில் தண்ணீர் மிச்சம் வைத்திருந்த வாக்காளர் நம் வரலாற்றில் இருந்ததில்லை. ஆகவே சட்டம் இயற்றியவர்கள் அதைக் கருதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பூபாலசிகாமணி பயந்து எழுந்துவிட்டால் வீரகண்டன் ஜெயித்துவிடுவான் என்று அரியநாச்சிக்குத் தெரியும். வீரகண்டனும் அந்த நம்பிக்கையில்தான் அடுத்த அண்டாவை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் பதவியைத் தொட்டுவிட்ட மனிதன் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"ஐயா, இப்ப நீங்கதான் தலைவரு. உங்க வார்த்தைதான் சட்டம். மதகைத் தெறக்கச் சொல்லுங்க. அந்தச் சிலையை எடுக்கச் சொல்லுங்க. உங்க தோட்டத்து மடையை அடைக்கச் சொல்லுங்க."

பூபாலசிகாமணி கனிவாகப் புன்னகைத்தார். "தாயே, பதவியேற்றதும் இதை ஆராய ஒரு குழுவை..."

அரியநாச்சி குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் கீழுதட்டைத் தொட்டது. அவளுக்குப் பின்னால் அடுத்த பெண் வந்து நின்றாள்.

"கொள்கையளவில் நான் எப்போதுமே..."

இன்னொரு குடம். அடுத்த சொல் நீருக்குள் போய்க் குமிழியாக வந்தது. மேடையில் நாவலங்காரர், "சொல்லில் கடலே! செயலில் மலையே!" என்ற பகுதிக்கு வந்திருந்தார். சுருளில் பாதிகூட ஆகவில்லை. மூன்றாவது குடம் விளிம்பில் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஊரே இடுப்பில் குடத்தோடு நின்றது.

தலைவர் முகத்தை வானத்தைப் பார்க்க உயர்த்தி, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே சொல்லில் பேசினார்.

"திறங்கடா!"

தோட்டத்துக் காரியக்காரர் மடையை அடைக்க ஓடினார். மதகுக்காரர்கள் ஓடினார்கள். சிலையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிரகடனம் முடியும் தறுவாயில், அரியநாச்சி அதிகாரியிடம் பணிவாகச் சொன்னாள்: "ஐயா, ரொம்ப நல்லாருக்குங்க. எங்களுக்குச் சரியா காதுல விழல. தண்ணி ஊருக்குப் போய்ச் சேர்றவரைக்கும் மறுபடி படிங்களேன்."

நாவலங்காரரை இன்னொரு முறை படிக்கச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினார். அதற்கும் சட்டத்தில் தடை இல்லை.

வெயில் சாயும்வரை படித்தார். பூபாலசிகாமணி அண்ணாந்தபடியே அமர்ந்திருந்தார். கைவிரல்கள் சுருங்கிவிட்டன. வாய்க்கால் கரை நெடுக, ஊற்ற வராமல் கடைமடையில் தங்கியவர்கள் நின்றிருந்தார்கள். சேதி கேட்டு அவர்களே ஆளுக்கொரு இடமாக வந்து நின்றுகொண்டார்கள். கடைக்கோடியில், நாற்றங்கால் வரப்பில், மாசிலாமணி நின்றான். முதல் குரல் அவனுடையதுதான்.

"வந்திருச்சு!"

அடுத்த ஆள் அதைக் கூவினான், அதற்கடுத்தவள் கூவினாள். அப்படியே கரையோடு மேலேறி அந்தக் குரல் மைதானத்துக்கு வந்தது. அரியநாச்சி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாவலங்காரர் கைகொடுக்க, தலைவர் எழுந்தார். வீரகண்டனும் சலித்துப்போய் எழுந்து போனார்.

கூட்டம் கலைந்தது. கட்சியின் கட்டுப்பாட்டுக்கும் ஐயமற்ற ஒற்றுமைக்கும் கிடைத்த வெற்றி இது என்று குணபூஷணர் அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, வரிசை இன்னும் அங்கேயே இருந்தது. ஊற்றாத குடங்கள் நிறைய மிச்சம் இருந்தன.

"இன்னும் ஏன் அம்மா குடத்தோடு நிற்கிறீர்கள்?" என்றார். "நம் தலைவர்தான் தண்ணீர் விட்டுவிட்டாரே. நல்லவர் என்று இப்போதாவது ஒப்புக்கொண்டு கீழே வையுங்களேன்."

அரியநாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"நல்லவருதாங்க" என்றாள். "நாங்க தூக்கிக்கிட்டு நிக்கிறவரைக்கும்."