எண்பதுக்கு மேல் களி

"நாளைக்கும் களிதான்னா, நான் ரயிலேறி திருப்பதிக்கே போயிடறேன்" என்று கிருபாவதி களி கிண்டிய துடுப்பைக் கீழே வைத்தாள்.

கல்யாணமாகி மூன்று மாதம்தான். எர்னஸ்ட் புத்தூரில் விஞ்ஞான வாத்தியார். அவன் அப்பாவும் தாத்தாவும் ஐம்பது வயதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள். மனைவி வந்த பிறகு அந்தப் பயம் அவனுக்கு அதிகமாகிவிட்டது. மாநில எல்லை எந்தப் பக்கம் போகும், நாம் ஆந்திராவா மெட்ராஸா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், எண்பதைத் தாண்டியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: கேழ்வரகுக் களி.

"ரகசியம் கெடைச்சிடுச்சு கிருபா. உன்கூட எண்பது வயசு வரைக்கும் இருக்கப் போறேன்."

"கறிக்கொழம்பு இல்லாமயா? அதுக்கு நாப்பதே போதுங்க."

சமாதானமாகக் களிக்குக் கறிக்குழம்பு ஊற்றினாள். கிழவர்கள் யாரும் கறி தொடுவதில்லை என்று அதையும் நிறுத்தினான்.

மகளின் கடிதம் கண்டு கிருபாவதியின் அம்மா ஞானமணி திருப்பதியிலிருந்து நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கோழி பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் கொண்டாந்த கோழி எங்க மாப்ளே?"

"குடுத்துட்டேன் அத்தே. உங்க மக தாலி நிலைக்கணும் இல்லியா?"

ஞானமணி மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

எர்னஸ்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். "ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரே ஒருத்தரைப் பாருங்க அத்தே. அப்பவும் நம்பலேன்னா கூட்டிக்கினு போங்க."

தொண்ணூறைத் தாண்டிய சின்னசாமி வேப்பமரத்தடியில் களி உருண்டையும் கீரையுமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு உருண்டையும் வாய்க்குள் போன வேகத்தில் தொண்டைக்குள் இறங்கியது.

"பாத்தீங்களா, மெல்லாமலே முழுங்கறாரு. அதுலதான் விஷயமே இருக்குது" என்று எர்னஸ்ட் கிசுகிசுத்தான்.

கிருபாவதிக்கே கொஞ்சம் ஆச்சரியம் வந்துவிட்டது. அவள் குனிந்து கேட்டாள்: "சின்ன வயசிலேர்ந்து இதேதான் துன்றீங்களா தாத்தா?"

சின்னசாமி பொக்கை வாயைத் திறந்து காட்டினார்.

"பல்லு இருந்தமட்டும் கறி இல்லாம சோத்துல கை வெச்சதில்ல தாயி; எல்லாம் கொட்டிப்போன பொறவு மெல்லாம முழுங்க இத வுட்டா வேற இன்னா கீது?"